பதினான்காவது கேள்வி

கரமனை,
4 டிசம்பர் 2005

அன்புள்ள அக்கா,

இந்த ஆய்வு முடியும்வரை உனக்கு எழுதும் கடிதங்களில் நடந்தவற்றையெல்லாம் உண்மையாகவே பதிவு செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. திருநெல்வேலியில் ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீ விட்டுப்போன கம்பெனி அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டேன். ரப்பர் கையுறை செய்கிற ஆலைக்கு இவ்வளவு வழவழப்பான புத்தகம் எதற்கு என்று அம்மாவுக்குச் சந்தேகம். லாப நஷ்டம் பின்னால் பத்துப் பக்கம்தான், மற்றதெல்லாம் மரம், தண்ணீர், சுற்றுவட்டார மக்கள் என்று காட்டினேன். இப்படி அறிக்கை வெளியிடும் கம்பெனிகள் மற்றவற்றைவிட நன்றாக நடக்கின்றனவா, அவற்றைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கும் நன்மை உண்டா என்பதுதான் அக்காவின் எம்.ஃபில் ஆய்வு என்றேன்.

"நல்லது செய்றோம்னு அவனே அச்சடிச்சு வச்சிருக்கான். பின்ன நீங்க என்னத்த ஆராயப் போறீங்க?" என்றாள் அம்மா.

அது உண்மையா என்று வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறோம் என்றேன். 'போகிறோம்' என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அட்டை, கிளிப், இரண்டு பேனா எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ஜெஸ்லின் யார்? நீ போனில் பேசியபோது அந்தப் பெயரை மூன்று முறை சொன்னதாக அப்பா சொன்னார். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் திவ்யலட்சுமி


திருநெல்வேலி,
11 டிசம்பர் 2005

அன்புள்ள திவ்யா,

நான் நலம். சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் நல்லதாகவே சொல்.

ஜெஸ்லின் ஆலை இருக்கும் விதுரையில் இருக்கிறாள். உன்னைப் போலவே ஒன்பதாம் வகுப்பு. அவள் அம்மா ராகேல் அந்தக் கையுறை ஆலையில் வேலை பார்க்கிறார். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நவம்பரில் நான் இடம் பார்க்கப் போனபோது மழையில் மாட்டிக்கொண்டேன். அவர்கள் வீட்டில்தான் உட்காரவைத்துச் சாயா கொடுத்தார்கள். அந்தப் பெண் என்னை ஒவ்வொரு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். என்ன கண், என்ன காது! ஒரு வீட்டில் என்ன சொல்லவில்லை என்பதையும் கவனிக்கிறாள். எனக்கு இன்னொரு தங்கை கிடைத்த மாதிரி இருக்கிறது.

மொத்தம் அறுபது வீடுகள். சந்தைப் பக்கம் முப்பது உனக்கு, ஆலைக்குப் பின்புறம் முப்பது அவளுக்கு. உன் கையெழுத்து அழகு. அதனால் இரண்டு பேருடைய படிவங்களையும் நீதான் எண்ணாக மாற்றி அட்டவணைத் தாளில் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். விதி எளிது. பதிலுக்கு உரிய எண்ணைப் பெட்டியில் போடு. பதில் இல்லையென்றால் 9. பெட்டிக்குள் அடங்காத எதையாவது யாராவது சொன்னால், அதை வீட்டு எண்ணுடன் தனித் தாளில் எழுதி அட்டவணையோடு சேர்த்து அனுப்பு. தனித் தாளைத் தவறவிடாதே.

மங்கலம்


கரமனை,
30 டிசம்பர் 2005

அன்புள்ள அக்கா,

சுகம், சுகமறிய ஆவல். அப்பா மூன்று நாள் லீவு போட்டு என்னை விதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வீடுகளுக்குப் போகும்போது அவர் சந்தையில் தெரிந்த பலசரக்குக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். என் முப்பது வீடுகளும் முடிந்துவிட்டன. ஒரு கேள்விகூட விடவில்லை. வரிசை மாற்றாமல் கேட்டேன். எல்லாரும் வாசலில் நின்றே பதில் சொன்னார்கள். பதினான்காவது கேள்வியான கிணற்று நீருக்குப் பெரும்பாலும் 1, அதாவது 'மேம்பட்டது'. கம்பெனி அந்தப் பக்கத்துக் கிணறுகளைத் தூர்வாரிக் கொடுத்திருக்கிறது.

கடைசி நாள் ஜெஸ்லின் எப்படிக் கேட்கிறாள் என்று பார்க்கப் போனேன். பஸ் நிறுத்தத்தில் உன் நீலத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் ஓணத்துக்குக் கேட்டபோது அது பழசு, எதற்கு என்றாய். பழசாக ஒன்றும் தெரியவில்லை.

அவள் கேட்கும் முறை எனக்குச் சரியாகப் படவில்லை. மாடம்மாள் என்கிற ஒரு அம்மாள் வீட்டுக்குப் போனதும் படிவத்தைத் தரையில் வைத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரிக்கத் தொடங்கிவிட்டாள். நான் அட்டையும் பேனாவுமாக நின்றேன்.

"பரீட்சை எடுக்க வந்த டீச்சர் மாதிரி நிக்கியே. இரி," என்றாள் என்னிடம். அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

அரை மணி நேரம் கழித்துத்தான் கிணற்றுப் பேச்சு வந்தது.

"மழைக்கு கெணத்து வெள்ளம் குடிக்கலாம். மாசி பொறந்தா கொடத்த மூஞ்சிக்கிட்ட கொண்டுபோவ முடியாது. ரப்பர் பால் கெட்ட நாத்தம்," என்றார் மாடம்மாள்.

"மூணுல எது அத்தே? நல்லாச்சா, அப்பிடியே இருக்கா, கெட்டுப்போச்சா?"

"மூணுல ஒண்ணும் இல்ல மக்களே. நான் சொன்னத அப்பிடியே எழுது."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். ஒரு வீட்டுக்கு அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. எனக்குப் பத்து நிமிடம். இதை நடந்தபடி சொல்கிறேன், குறையாக அல்ல.

திவ்யலட்சுமி


விதுரை,
9 ஜனவரி 2006

அன்புள்ள திவ்யாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே அம்மாவும் நானும் சுகமாயிருக்கிறோம். நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். பள்ளியில் நான் மலையாளம்தான் படிக்கிறேன். என் தமிழ் ஞாயிறு பள்ளியில் படித்தது. பிழை இருந்தால் திருத்திக்கொள்.

முப்பது படிவங்களை இத்துடன் அனுப்புகிறேன். பதினான்காவது கேள்விக்கு இருபத்தெட்டு வீடுகளில் ஒரு நம்பர் போட முடியவில்லை. மழைக்காலத்தில் ஒரு பதில், வெயில்காலத்தில் வேறு பதில். ஆகையால் பெட்டியை வெறுமையாக விட்டு, ஒவ்வொரு வீட்டாரும் சொன்னதை நான்கு தனித் தாள்களில் எழுதிப் பின் குத்தி வைத்திருக்கிறேன். அதில் ஆட்களின் பேரும் இருக்கிறது. அம்மா ஆலையில் வேலை செய்வதால் எனக்குக் கொஞ்சம் பயம். பேர் மட்டும் வெளியே போகாதபடி நீ பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

மங்கலத்தக்கா எனக்கு நான்கு பக்கம் கடிதம் போட்டிருந்தார்கள். ஒரு அகராதியும் அனுப்பியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் 'என் ஜெஸ்லினுக்கு' என்று எழுதியிருக்கிறது. நீயும் எனக்கு எழுதுவாயா? அன்று சிரித்ததில் உனக்கு வருத்தமில்லையே?

ஜெஸ்லின்


கரமனை,
21 ஜனவரி 2006

அக்காவுக்கு,

நலம். அறுபது வீடுகளின் அட்டவணையும் இத்துடன் இருக்கிறது. மூன்று முறை சரிபார்த்தேன். அடித்தல் திருத்தல் கிடையாது. பெட்டியில் எண் இல்லாத இடங்களில் நீ சொன்ன விதிப்படி 9 போட்டிருக்கிறேன். படிவங்களை இங்கேயே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன்னிடமிருந்து எனக்குக் கடைசியாக வந்தது ஒரு கார்டு. அதில் ஆறு வரி. 'வேலை அதிகம், நேரமில்லை' என்பது மூன்றாவது வரி. வேலை அதிகமாக இருக்கும்போது சிலருக்கு நான்கு பக்கம் எழுத முடியும், சிலருக்கு ஆறு வரிதான் முடியும் என்று புரிந்துகொண்டேன். எனக்கு அகராதி எதுவும் தேவையில்லை. பள்ளி நூலகத்தில் இருக்கிறது.

அப்பாவுக்கு மறுபடி இருமல்.

திவ்யலட்சுமி


திருநெல்வேலி,
14 பிப்ரவரி 2006

என் செல்லத் திவ்யா,

கோபமா? இதோ, இது நீளமான கடிதம். அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனீர்களா?

உன் அட்டவணையைப் பார்த்துவிட்டு என் வழிகாட்டி சாம்பசிவன் சார் துறையில் எல்லாரிடமும் காட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதியது என்றால் ஒருவரும் நம்பவில்லை. ஒன்பது கம்பெனிகளின் ஐந்தாண்டு லாபத்தையும் அறிக்கைகளையும் ஒப்பிட்டு முடித்துவிட்டேன். களத்தில் விதுரை மட்டும்தான். கிணற்று நீர் பற்றிப் பதில் சொன்ன முப்பத்திரண்டு வீடுகளில் இருபத்தைந்து 'மேம்பட்டது' என்கின்றன. கம்பெனி அறிக்கை சொல்வதும் அதுவே. களத்துக்குள் போக அனுமதி தந்தபோது ஆலை மேனேஜர் முடிவின் சுருக்கம் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதையும் அனுப்பிவிட்டேன். மே மாதம் நம்மூர் திருவனந்தபுரத்திலேயே ஒரு கருத்தரங்கில் நான் கட்டுரை படிக்கிறேன்.

ஜெஸ்லின்தான் ஏமாற்றிவிட்டாள். அவளுடைய முப்பதில் இருபத்தெட்டு வீட்டுக்கு 9. தனித் தாள் எதுவும் அவள் அனுப்பவில்லையா? நேரில் அவ்வளவு பேசியவள், முக்கியமான கேள்வியைக் கேட்காமலே விட்டிருக்கிறாள். ஏன் என்று அவளுக்கு எழுதிக் கேட்டேன். 'மறந்துவிட்டேன் அக்கா, மன்னியுங்கள்' என்று ஒரே வரி. அவளை நான் அதிகமாக மதிப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது. நீ இல்லாவிட்டால் என் ஆய்வு என்ன ஆகியிருக்கும்?

உன் அக்கா


கரமனை,
23 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அம்மாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனோம். தூசிதான் காரணமாம். கரமனை ஆற்றங்கரைத் தெருவில் பைப் போடுவதற்காகத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். பள்ளியில் மாடல் பரீட்சை தொடங்கிவிட்டது. வரலாற்றில் நாற்பத்தெட்டு. எங்கள் வகுப்புக்குப் புதிய மேசைகள் வந்திருக்கின்றன.

ஜெஸ்லினிடம் மிகவும் கோபப்பட வேண்டாம். அவளுக்குப் பழக்கமில்லை அல்லவா?

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

திவ்யா


விதுரை,
12 மார்ச் 2006

அன்புள்ள திவ்யாவுக்கு,

கர்த்தரின் கிருபையில் நாங்கள் உயிரோடிருக்கிறோம். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

மங்கலத்தக்கா பதினான்காவது கேள்வியை ஏன் விட்டாய் என்று கேட்டபோது எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. என் அம்மாவின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று நீ அந்தத் தாள்களை அனுப்பாமல் வைத்துக்கொண்டாய். நான் கேட்டதோ பேரை மறைக்கத்தான். நீ எங்களுக்காக அதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறாய். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, நான் மறந்துவிட்டதாக அக்காவுக்கு எழுதினேன். அக்கா அதன்பின் எனக்கு எழுதவில்லை. பரவாயில்லை.

ஆனால் இப்போது ஒரு கஷ்டம். ஒவ்வொரு வருஷமும் மாசி முதல் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும்வரை ஆலையிலிருந்து எங்கள் தெருவுக்கு லாரியில் குடிக்க வெள்ளம் வரும். இந்த வருஷம் நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் ஒரு பேப்பரைக் காட்டி, பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியே கிணறு நன்றாயிருக்கிறது என்று சொல்லிற்று, பின்னே லாரி எதற்கு என்று கேட்டாராம். நாங்கள் இப்போது சந்தைப் பக்கத்திலிருந்து சுமக்கிறோம். நான் தினமும் வகுப்புக்குப் பிந்திப் போகிறேன்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பேரு போனா போட்டு. எனக்க பேர மொதல்ல எழுதச் சொல்லு." அதனால், திவ்யா, அந்தத் தாள்கள் உன்னிடம் இருந்தால் அக்காவுக்குக் கொடுத்துவிடு. சீக்கிரம் கொடு.

ஜெஸ்லின்


கரமனை,
3 ஏப்ரல் 2006

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பரீட்சை இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

இத்துடன் நான்கு தாள்கள் வைத்திருக்கிறேன். ஆலைக்குப் பின்னால் இருக்கும் இருபத்தெட்டு வீடுகளும் கிணற்றைப் பற்றிச் சொன்னவை. ஜெஸ்லின் கேள்வியை விடவில்லை. இவற்றை அவள் ஜனவரியிலேயே எனக்கு அனுப்பிவிட்டாள். அவள் அம்மா அந்த ஆலையில் வேலை பார்க்கிறார். தாளில் பெயர்கள் இருக்கின்றன. வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று அவள் எழுதியிருந்ததால் நான் எடுத்து வைத்திருந்தேன். இப்போது அவள் அம்மாவே கொடுக்கச் சொல்லிவிட்டார். ஜெஸ்லின் மார்ச்சில் எனக்கு எழுதிய கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார்.

அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி நின்றுவிட்டது. மேனேஜருக்கு நீ உடனே எழுத வேண்டும்.

திவ்யலட்சுமி


திருநெல்வேலி,
16 ஏப்ரல் 2006

அன்பான திவ்யா,

அந்தத் தாள்களைப் படித்துவிட்டு அன்று முழுக்க என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை. என் ஆய்வே தலைகீழாகிவிட்டது. சந்தைப் பக்கம் ஒரு கதை, ஆலைக்குப் பின்னால் வேறு கதை. அறிக்கையில் முதல் கதை மட்டும்தான் இருக்கிறது. சாம்பசிவன் சார் முதலில் கோபப்பட்டார். பிறகு, உண்மையான ஆய்வு இப்போதுதான் தொடங்குகிறது என்றார். அவசரப்பட்டு ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பியது என் தவறு. அதைத் திரும்பப் பெறுவதாக மேனேஜருக்கும் பஞ்சாயத்துக்கும் எழுதிவிட்டேன். பெயர்களை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவேன்.

ஜெஸ்லினிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். திவ்யா, ஒருத்தி உன்னைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். நீ அவள் அம்மாவைக் காப்பாற்ற இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. இரண்டு பேரையும் நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. கருத்தரங்கில் இதைச் சொல்லத்தான் போகிறேன். ஜெஸ்லினையும் அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா


திருவனந்தபுரம், கருத்தரங்கு அரங்கு,
20 மே 2006

அன்புள்ள ஜெஸ்லினுக்கு,

உன் சுகத்தைக் கேட்டுத் தொடங்க வேண்டும். ஆனால் நீ எனக்கு நான்கு வரிசை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாய். உன் பின்னலும் நீலத் துப்பட்டாவும் தெரிகின்றன. நீ எனக்கு இரண்டு கடிதம் எழுதினாய். நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நிகழ்ச்சித் தாளின் பின்புறத்தில் எழுதுகிறேன்.

காலையில் நீங்கள் வந்ததும் அக்கா ஓடிப்போய் உன்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உன் அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "எனக்க வேலைக்கு வேண்டி வாய மூடிட்டு இருந்த பிள்ளையாக்கும்," என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள். லாரி திரும்ப வரத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது என்றார்கள். வெள்ளம் சுமந்துவிட்டுப் போனதில் நீ கணக்குப் பரீட்சைக்கு அரை மணி நேரம் பிந்தியதையும், அதில் தோற்றதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதை நீ எனக்கு எழுதவே இல்லை.

நான் உன் அம்மாவுக்காக அந்தத் தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. உன் கடிதத்தில் என் கண்ணில் பட்டது நான்கு பக்கமும் அகராதியும் 'என் ஜெஸ்லினுக்கு' என்பதும்தான். அக்கா அந்தத் தாள்களைப் படித்தால் உன்னை இன்னும் புகழ்வாள் என்று தெரியும். அவை அவ்வளவு நன்றாக இருந்தன. என் முப்பது வீடுகளில் ஒருவர்கூட என்னிடம் அப்படிப் பேசவில்லை. 9 என்று இருபத்தெட்டு முறை எழுதினேன், அழகாக எழுதினேன். உன் அம்மாவுக்கு ஆபத்து என்ற வரியை அப்போது நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. நீ மார்ச்சில் எனக்கு நன்றி சொன்ன பிறகுதான் தேடி எடுத்துப் படித்தேன். அதற்குப் பிறகும் மூன்று வாரம் சும்மா இருந்தேன். நீ எனக்காகக் கண்டுபிடித்த காரணத்தையே அக்காவிடம் என் காரணமாகச் சொன்னேன்.

இப்போதும் பொறாமை போகவில்லை. அக்கா மேடைக்குப் போகும்போது உன் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள். அது எத்தனை நொடி இருந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு அக்காவிடம் கொடு. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கட்டுரையோடு அவள் திரையில் காட்டப்போகும் முதல் படம் நன்றி சொல்லும் பக்கம். அதில் என் பெயரும் நான் செய்ததாக அவள் நம்புகிற காரியமும் இருக்கின்றன. நேற்று வீட்டில் எனக்குக் காட்டினாள். அதற்கு முன்னால் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன். மடித்து முன்வரிசைக்குக் கைமாற்றி அனுப்பப் போகிறேன். அக்கா மைக்கைச் சரிசெய்கிறாள். உன் பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள், பிறகு என்னைத் தேடுகிறாள்.

படம் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.